பாபு முடித்துவைத்த வாக்கியம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். அன்று பிரஸ் மெஷின் ஓட்டும் பாபுவை மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புது வேலை ஏதோ தரப்போகிறார்கள் என்று நினைத்தவர்போல, கிரீஸைத் துடைத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரிலேயே எங்கள் மேனேஜர், ஜப்பானிய டைரக்டரிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிரஸ் மெஷின் லைனை மூடுவதால் பாபுவை ‘லெட் கோ’ செய்துவிடலாம் என்றார்.

பிடித்த கையை விடுவதற்கும், கோபத்தை விடுவதற்கும், ஆளை வேலையைவிட்டு அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றே போதும். ஜப்பானிய மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல். நான் பூசி மெழுகாமல், வேலைநீக்கம் என்றே சொன்னேன்.

டைரக்டர் பாபுவைப் பார்த்தார். “இவருக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

“தமிழில் சொல்லிக்கொடுங்கள். நான்தான் சொல்ல வேண்டும்.”

சொல்லிக்கொடுத்தேன். அவர் எழுந்து தலைகுனிந்து, “பாபு சார், உங்கள வேலையிலேர்ந்து...” என்று தொடங்கினார். அடுத்த வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் நோட்டைப் புரட்டினேன்.

பாபு மெதுவாக எழுந்தார்.

“எட்த்துட்டீங்க. அதானே சார்? புரியுது, உக்காருங்க.” பிறகு என்னிடம், “அவுருக்கு வேர்த்துகினு கீது மேடம். கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார்.

அடுத்தவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று அதைச் செய்தவர் பாபு.