மீன் வாங்க வேண்டிய அடி

கடைத் தொட்டியில் மீன் செத்தால் அன்றைக்கு வெள்ளத்துரையின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில், கீழே அவருடைய ஹார்டுவேர் கடை, மேலே வீடு. வாஸ்து பார்க்க வந்தவர் காட்டிய வடகிழக்கு மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன் மீன் ஒன்று. இரண்டு மாதம், மூன்று மாதம் கிடக்கும். பிறகு ஒரு காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும்.

“நமக்கு வந்தத அது வாங்கிக்கிருச்சு” என்பார். விருதுநகர் போகிறவர் யாரிடமாவது அடுத்த மீனுக்குச் சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

அந்த மீன்கள் வாங்கியது என்ன என்று அவருடைய மூத்த மகள் பிருந்தாவுக்குத் தெரியும். அம்மோனியா. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அதே தண்ணீரில் அழுகி விஷமாகிக்கொண்டே போகும். தெருவில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் மீனுக்கு யார் தண்ணீர் மாற்றுவார்கள்? மீன் தன் மூத்திரத்திலேயே மூச்சுத் திணறிச் செத்தது. அதற்கு வீட்டில் தியாகம் என்று பெயர்.

பிருந்தா மதுரையில் வேதியியல் படித்தவள். ஜாதகத்தில் ஏதோ கட்டம் சரியில்லை என்று வந்த மாப்பிள்ளை வீடெல்லாம் திரும்பிப் போக, நாற்பதை நெருங்கிவிட்டாள். வேலைக்குப் போகிறேன் என்றபோது, “நம்ம கடை இருக்கயில வெளிய எதுக்குக் கைகட்டி நிக்கணும்?” என்றார் வெள்ளத்துரை. நம்ம கடை என்றால் தம்பி ராம்குமாரின் கடை. பில் போடுகிற நாற்காலி மட்டும் பிருந்தாவுக்கு. அதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளமா என்று கேட்பவர்கள், வீட்டுப் பெண்ணுக்குப் பங்கா என்றும் அதே வாயால்தான் கேட்பார்கள்.

முதலில் கடைத் தொட்டிக்கு மட்டும் ஒரு வடிகட்டி செய்து மாட்டினாள். காலி பெயிண்ட் டப்பா, அதற்குள் பஞ்சு, பாத்திரம் தேய்க்கிற நைலான் நார், செங்கல் சல்லி. தண்ணீர் இவற்றின் வழியாகப் போய்த் திரும்பவும் தொட்டிக்கு வரும். செங்கல்லின் பொடித் துளைகளில் குடியேறுகிற பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று, மீனுக்குக் கெடுதல் குறைந்த வேறொன்றாக மாற்றிவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த மீன் சாகவில்லை. வருடம் திரும்பியும் சாகவில்லை.

அதிலிருந்துதான் அவளுக்குத் துணிச்சல் வந்தது. மொட்டை மாடிக்குப் போகிற வழியில், தகரக் கூரை போட்ட அறை ஒன்று சும்மா கிடந்தது. துளை போட்ட இரும்புச் சட்டங்களை முடுக்கி மூன்று தட்டு ஸ்டாண்டு ஒன்று நிறுத்தினாள். தட்டுக்கு இரண்டு தொட்டி. கண்ணாடியை வெட்டி, சிலிகான் வைத்து அவளே ஒட்டினாள். மேல்தட்டில் வழிகிற தண்ணீர் பிவிசி குழாய் வழியாக நடுத்தட்டுக்கும், அங்கிருந்து கீழ்த்தட்டுக்கும், கடைசியாகத் தரையில் வரிசையாக வைத்த பெயிண்ட் வாளிகளுக்கும் இறங்கும். வாளிகளில் பஞ்சும் நாரும் உடைந்த டைல்ஸும். கடைசி வாளியில் ஏர்கூலர் மோட்டார் ஒன்று கிடந்து, சுத்தமான தண்ணீரை மறுபடி உச்சிக்கு ஏற்றும். ஆறு தொட்டிக்கும் ஒரே தண்ணீர். ஆவியாகிப் போகிற அளவுக்கு மட்டும் ஊற்றினால் போதும். தண்ணீர் இல்லாத ஊருக்கென்றே யோசித்துச் செய்த ஏற்பாடு.

பாக்டீரியா வளரும் வரை மீன் விடக் கூடாது என்று, அது தின்ன மட்டும் கொஞ்சம் மீன் தீனியைத் தூவி அழுகவிட்டு, வெறும் தண்ணீரையே ஓடவிட்டாள்.

“ஏ பிருந்தா, மீனு எங்க?” என்றாள் அம்மா சரஸ்வதி.

“இன்னும் விடல.”

“மீனே இல்லாம தண்ணியச் சுத்த விட்டுட்டு உக்காந்து பாக்குற. ஒங்கப்பா மாப்பிள்ளையே இல்லாமக் கல்யாணத்துக்குச் சேத்து வச்சுட்டு உக்காந்திருக்காரே, அது மாதிரி.”

தம்பி மனைவி கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிருந்தாவும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுடைய கல்யாணத்தைப் பற்றிச் சிரிக்க முடிந்தது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒவ்வொரு வகையாக மீன் விட்டாள்: மோலி, கப்பி, கடைசியாக ஏஞ்சல். ஏஞ்சல் ஜோடி சேர்ந்து முட்டையிட்டபோது மதுரையில் மீன் கடை வைத்திருக்கும் இன்பராஜ் என்பவர் பஸ் ஏறி வந்து பார்த்தார். “இப்பிடிக் குஞ்சு எடுத்துத் தந்தீகன்னா, மாசாமாசம் நானே எடுத்துக்கிறேங்க” என்றார். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாள், இந்தக் குஞ்சுகள் விற்கிற அளவுக்கு வந்ததும் பில் போட வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி. காந்திநகர்ப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடும் பார்த்துவைத்தாள். தன் பெயரில் ஒரு வாசல். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வெள்ளத்துரையின் கவலை வேறு. சாகாத மீன் ஒன்று கடையில் நீந்திக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு அறை நிறையச் சாகாத மீன்கள்.

“வருசமாச்சு, ஒண்ணுகூட வாங்கலயே” என்பார் சாப்பிடும்போது.

“நல்லா இருக்குன்னு சந்தோசப்படுங்கப்பா.”

“அது நல்லா இருந்தா, நமக்கு வர்றது எங்க போகும்?”

அந்தக் கேள்விக்கு வேதியியலில் பதில் இல்லை.

ஐப்பசியில் பெய்த ஒரே மழையில் பந்தல்குடி தாண்டி ரோட்டில் விழுந்த பள்ளம், தை வரைக்கும் அப்படியே கிடந்தது. வசூலுக்குப் போன ராம்குமார், தூத்துக்குடி லோடு லாரிக்கு ஒதுங்கியவன், வண்டியோடு அந்தப் பள்ளத்தில் விழுந்தான். தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சரஸ்வதி தலையில் அடித்துக்கொண்டு சொன்னது, பள்ளத்தைப் பற்றி அல்ல. “மீனு வாங்க வேண்டிய அடிய எம்மகன் வாங்கிட்டானே!”

ரோடு போட்டவன் யார், வரி கட்டுகிற ஊருக்கு ஒரு பள்ளத்தை மூட ஏன் ஆள் இல்லை என்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஊரிலும் கேட்கவில்லை. அதற்கு முன்பு அதே பள்ளத்தில் விழுந்தவர்களும் கோயிலுக்குத்தான் போனார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் தேங்காய் உடைக்கிற ஊரில் பள்ளம் தோண்டுகிறவனுக்கு என்ன பயம்?

காரியாபட்டிப் பக்கத்து ஜோசியர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் மேலே போய்க் கீழே வருவதை ரசித்தார். “தோசம் எறங்க எடமில்லாமச் சுத்திக்கிட்டே இருக்குதும்மா” என்றார். மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளில் ஒரு மீனாவது அந்தத் தோஷத்தை வாங்கிச் செத்துவிட வேண்டும் என்பது அவர் சொன்ன பரிகாரம்.

“ஒண்ணே ஒண்ணு, பிருந்தா” என்றார் வெள்ளத்துரை. குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அவர் சரியாகச் சாப்பிட்டு நாளாகியிருந்தது. “நூத்துக்கணக்குல நீந்துது. ஒண்ணு போனா ஒனக்கு என்ன?”

“லாரி மேலயும் ரோட்டு மேலயும் கேஸு குடுங்கப்பா. மீனு என்ன செஞ்சுச்சு?”

“மதினி, அவரு எந்திரிச்சு நடக்கணும்ல” என்று அழுதாள் கஸ்தூரி. “ஒங்க தம்பிய விட மீனு பெருசா?”

அந்த அழுகையை பிருந்தாவால் தாங்க முடியவில்லை. கொள்கையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் ஒரு மோலியைப் பாத்திரத்தில் பிடித்து அம்மா முன்னால் வைத்தாள். “இந்தா. என்ன வேணும்னாலும் செய்ங்க.”

சரஸ்வதி தள்ளிவிட்டாள். “நீயாப் பிடிச்சுக் குடுத்தா அதுக்குப் பேரு பலி. அது தொட்டியில கெடந்து தானா வாங்கணும்.”

ராம்குமார் வந்த அன்று, தம்பி இல்லாத கடையைப் பிருந்தாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் வாங்க வந்த கூட்டம். கார் வந்து நின்றதும், தம்பியை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனதும், கீழிருந்தே தெரிந்தது. ஆரத்தி எடுக்கிற சத்தமும் கேட்டது.

இந்த ஆரத்திக்குச் சின்னத் தட்டு போதாது என்று சரஸ்வதி குடத்திலேயே கரைத்திருந்தாள். மஞ்சளோடு வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்ப்பதுதான் வழக்கம். வீட்டில்தான் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லையே. சுவருக்கு வெள்ளை அடிக்க விற்கிற பாக்கெட்டைக் கடையிலிருந்து எடுத்துவந்து முழுசாகக் கொட்டியிருந்தாள். மகனைச் சுற்றிய செந்நீரை வாசலில் ஊற்றாமல், மாடியேறி மேல்தட்டில் இருந்த ஒரு தொட்டியில் ஊற்றினாள். ஒன்றே ஒன்றில். மற்றவற்றைத் தொடவில்லை. மகளுக்கும் நஷ்டம் வரக் கூடாது என்று அவ்வளவு கவனமாகத்தான் செய்தாள்.

சுண்ணாம்புக் காரம் ஏறிச் சிவந்த தண்ணீர் மேல்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு இறங்கியது. அங்கிருந்து கீழ்த்தட்டுக்கு. அங்கிருந்து வாளிகளுக்கு. மோட்டார் அதை எடுத்து உச்சிக்கு ஏற்றியது. பிருந்தா கட்டியது எல்லாம் பிசகாமல் வேலை செய்தது.

கடைக்கூட்டம் குறைந்து அவள் மேலே வந்தபோது ஏஞ்சல்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. குஞ்சுகள் தண்ணீரின் மேல் தவிடு தூவினது போல மிதந்தன. மோட்டாரை நிறுத்தினாள். நல்ல தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தரைத்தொட்டி காலியாக இருந்தது. அன்றைக்குத் தெருவில் தண்ணீர் வரவில்லை.

“மேல் தொட்டி ஒண்ணுலதான ஊத்துனேன்!” என்றாள் சரஸ்வதி, மிரண்டு போய். பிறகு ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளிந்தது. கைகளைக் கூப்பினாள். “ஆத்தா! எத்தன உசுரு வாங்கியிருக்கு பாரு! எவ்வளவு பெரிய கண்டம் வந்திருக்கு எம்பிள்ளைக்கு!”

வெள்ளத்துரை அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கேசரி கிண்டிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். “இவ வளத்த மீனுதான் தம்பியக் காப்பாத்துச்சு” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்படி அவர் மகளைப் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராம்குமார் மட்டும் கட்டிலில் கிடந்தபடி, “அக்கா, நான் பள்ளத்துலதான் விழுந்தேன்” என்றான் மெதுவாக. அவன் சொன்னதைக் கேட்க அவளைத் தவிர யாரும் இல்லை.

இன்பராஜுக்குப் போன் செய்து மீன் இல்லை என்றாள். காந்திநகர் வீட்டுக்காரரிடமும் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“விடும்மா. எத்தன மீனு வேணும்னாலும் நான் வாங்கித் தாரேன்” என்றார் வெள்ளத்துரை. சொன்னபடி பணமும் எடுத்துவைத்தார். மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்து, ‘அந்த வீட்டு மீன்’ கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனது. அவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை.

காலியான தொட்டியில் படிந்த சுண்ணாம்பை பிருந்தா சுரண்டிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலில் சேலை நுனியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“மதினி, மறுபடி விடும்போது எம்பேருல ஒண்ணு தனியா விடுவீகளா? எனக்கும் பிள்ளை தங்க மாட்டேங்குது.”

அவள் முகத்தில் கள்ளம் இல்லை. அன்புதான் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. டாக்டரிடம் போ என்று சொல்லப் பிருந்தா வாயெடுத்தாள். அதைப் பல தடவை சொல்லியாகிவிட்டது.

கீழே பில்லுக்குக் கூட்டம் காத்து நிற்கிறது என்று அப்பா கூப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போனாள்.