ஓடைக்குத் திரும்பிய மீன்

கனடாவில், பிக்கரிங் நகருக்கு வடக்கே, ஒரு சிறு பாலத்தருகே காரை நிறுத்துகிறேன். ஆகஸ்ட் வெயில். கீழே ஓடையில் ஏழெட்டுப் பேர் ரப்பர் சப்பாத்து அணிந்து, ஊற்றுக்கண்ணை அடைத்த சேற்றை வாளிகளில் அள்ளிக் கரையேற்றுகிறார்கள். அவர்களில் ஒரு தமிழ்ப்பெண். பெயர் வாசுகி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாராம்.

“என்ன செய்யிறியள்?” என்று கேட்கிறேன்.

“ட்ரவுட் மீனுக்கு இடம் செய்யிறம், அண்ணை. இந்த ஓடையின்ர சொந்த மீன். நிலத்துக்கடியில இருந்து ஊறுற குளிர்த் தண்ணியிலதான் வாழும். எங்கட வீட்டுப் பைப்புக்குத் தண்ணி தாற பொதுக் கிணத்துக்கும் அதே ஊற்றுதான்.”

“இவ்வளவு பேருக்கும் மீனில அக்கறையோ?”

“மீனுக்கெண்டு கூப்பிட்டன், ஒருத்தரும் வரேல்லை. ஊற்று வத்தினால் முதல்ல மீன் போகும், அடுத்தது உங்கட பைப்தான் எண்டன். வந்திட்டினம்.”

மூன்று கோடையாக அள்ளியும் ஒரு மீனும் வரவில்லையாம். பஸ் தாமதத்தை அறிவிப்பதுபோல் சொல்கிறார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்துகிறார். ஊற்றுவாயில், ஒரு சாண் நீளத்தில், செம்புள்ளி ட்ரவுட் மீன் ஒன்று வந்து நிற்கிறது.

“ஒருத்தரும் அசையாதேங்கோ,” என்கிறார் வாசுகி. உயர்த்திய கையை இறக்கவில்லை.

எல்லோரும் நிறைந்த வாளிகளோடு அப்படியே நிற்கிறார்கள். ஒரு பருத்த மனிதர் ஒற்றைக்காலில் நிற்கிறார். மீனுக்கு அவசரம் எதுவும் இல்லை.