வலது கால் சோல்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஷூ சோல் கிடக்கிறது. வலது காலுக்கானது, கறுப்பு பிளாஸ்டிக். அதன் மேல் படிந்த வெள்ளைப் பொடியில் ஒரு கட்டைவிரல் ரேகை. அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன், உடனே உள்ளே தள்ளிவிடுவேன்.

காட்பாடியில் ஓர் ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குவது என் வேலை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து இந்த சோலை அதன் ஜோடியோடு கொண்டுவந்தவர், அங்கே பதினாறு வருஷமாக சோல் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா. பிளாஸ்டிக்கில் பசை லேசில் பிடிக்காது. முதலில் ஒரு மருந்து தடவி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். அந்த முறை அனுப்பிய ஷூக்களில் சோல் பிய்ந்து வந்துவிட்டது. குற்றம் மருந்தா, அக்காவின் கையா என்று நான் சொல்ல வேண்டும். கை என்றால் அவருக்கு வேலை போய்விடும். கூட வந்த மேனேஜர் அதை அவர் எதிரிலேயே சொன்னார்.

அதே மருந்து தடவிய, பசை போடாத அந்த ஜோடியில் வலது சோலை அக்கா கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். "மருந்து காஞ்சப்புறம் மாவு மாதிரி கைல ஒட்டுது மேடம். அத்த கொஞ்சம் பாருங்க."

தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே இடது சோலில் ஒரு துண்டு வெட்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்தேன். தூசியோடு எதையும் கருவிக்குள் வைக்க மாட்டோம், கோயிலுக்குள் செருப்போடு போகாத மாதிரி. திரையில் பள்ளமும் வெடிப்புமாக மேற்பரப்பு அழகாகத் தெரிந்தது. மருந்து கச்சிதமாக வேலை செய்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மதியம் பிரியாணியும் ருசித்துச் சாப்பிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து வலது சோல் கையில் சிக்கியது. ரேகையைப் பார்த்ததும் அக்கா சொன்ன மாவு நினைவுக்கு வந்தது. துடைக்காமல் ஒரு துண்டை உள்ளே வைத்தேன். உப்பைக் கொட்டியதுபோல் படிகங்கள். கம்பெனி கொடுத்த மருந்திலேயே வீரியம் அளவுக்கு மீறி, மிஞ்சிப் படிந்தது. பசை பிடித்தது அந்த மாவைத்தான், சோலை அல்ல. அதை நானே துடைத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன். இருப்புக் கொள்ளவில்லை. படத்தையும் புது அறிக்கையையும் எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குக் கிடைத்த ரயிலில் ஏறினேன்.

"அந்த மருந்த அப்பவே மாத்திட்டோம் மேடம்" என்றார் மேனேஜர். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியதும் அப்போதேதான். அந்த இடத்தில் வேறு ஆளும் வந்தாயிற்று.

விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை வைத்துவிட்டுப் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இதான் மேடம் அந்த மாவு. நீங்க தொடைக்கும்போதே பாத்தேன். படிச்சவங்க, தெரிஞ்சுதான் செய்வாங்கன்னு சும்மா இருந்துட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. டீ போட்டுக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் பஞ்சை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. மாதிரி கொண்டுவந்தவரைப் பார்த்து, துடைக்கட்டுமா என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். நேற்று ஆய்வக உதவியாளர் என் இழுப்பறையைச் சுத்தம் செய்யத் துணியோடு வந்தார். அதைத் தொடாதீர்கள் என்று கத்திவிட்டேன்.