பட்டன் அவிழாத பை

அந்தச் சட்டைக் கம்பெனியில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் எதைத் தைக்கிறார்களோ அதுதான் பெயர். காலர் தைப்பவள் காலர், பாக்கெட் வைப்பவள் பாக்கெட், பட்டன் துளை போடுகிறவள் காஜா. பழகிப் பழகி வீட்டில் புருஷன்கூட, "என்ன காஜா, சோறு ஆச்சா?" என்றுதான் கேட்பார்.

காஜா எடுத்த எடுப்பில் கோபப்படுகிற ஆள் இல்லை. வாங்கி வைத்துக்கொள்கிற ஆள். யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் நாத்தனார் இவள் தட்டை மட்டும் தாண்டிப் பரிமாறிவிட்டுப் போனாள். காஜா வாயே திறக்கவில்லை. அந்த நாத்தனாருக்கு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, அவளுக்கும் கல்யாணம் வந்தபோது, கரண்டியோடு பந்தியில் இறங்கி, பெண்ணைப் பெற்றவள் தட்டைத் தாண்டி நடந்தாள். அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது. "உன்கூடச் சண்டை போட்டவன் செத்தாலும் நிம்மதியா சாக முடியாது" என்பார் புருஷன்.

தொழிலும் அதற்கேற்றாற்போல் அமைந்துவிட்டது. மற்றத் தையலைப் பிரித்துத் தைக்கலாம். காஜா மெஷினில் நூல் சுற்றி ஓடி முடிந்ததும் கத்தி இறங்கித் துணியை வெட்டிவிடும். இடம் தப்பினால் சட்டை போச்சு. அவள் கத்தி இறங்குவதற்கு முன் நன்றாகப் பார்ப்பாள். இறங்கிய பிறகு யோசிக்க மாட்டாள்.

அவர்கள் மெஷின் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. கும்பிடுகிற சாமி ஆளுக்கு ஆள் வேறு, அதனால் பண்டிகையும் வேறு வேறு நாளில் வரும். யாருக்குப் பண்டிகையோ அவர் வீட்டில் இருப்பார். அவர் வேலையை மற்றவர்கள் தைத்து முடித்துவிடுவார்கள். மறுநாள் பண்டிகைக்காரர் பலகாரத்தோடு வருவார். துணி வெட்டும் மேசையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் துடைத்து, காகிதம் விரித்து, எல்லாரும் கூடித் தின்பார்கள். தைத்த கைக்குத் தின்னக் கொடுப்பது, அவ்வளவுதான் கணக்கு. மேஸ்திரி போட்ட சட்டம் இல்லை. ஆனால் மேஸ்திரியே அதில் வாய் வைக்க மாட்டார்.

காஜாவின் வேலையை மட்டும் பங்கு போட முடியாது. அந்தக் கத்தியைக் கண்டால் மற்றவர்களுக்குப் பயம். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் காலர் ஒருத்திதான். ஆகவே வருஷா வருஷம் காஜா வீட்டுப் பண்டிகையன்று அவள் வேலை முழுவதும் காலர் தலையில்தான்.

அதற்கு ஈடாகக் காஜாவும் குறை வைத்ததில்லை. வறுத்த பருப்பும் நெய்யும் சர்க்கரையும் போட்டுப் பிடித்த உருண்டைகள். அதைச் சும்மா கொண்டுவர மாட்டாள். வெட்டி மிஞ்சிய துணியில் ஆளுக்கொரு சின்னப் பை தைத்து, வாயில் ஒரு காஜா போட்டு, பட்டன் வைத்து மூடித் தருவாள். எல்லாரும் அங்கேயே அவிழ்த்துத் தின்பார்கள். காலர் மட்டும் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கி, "வீட்ல புள்ளைங்களோட சேர்ந்து சாப்பிடுறேன்" என்று மடியில் வைத்துக்கொள்வாள். காஜாவுக்கு அதில் தனிப் பெருமை.

இந்த வருஷப் பண்டிகைக்கு மறுநாள் சாயங்காலம், மெஷினில் எண்ணெய் துடைக்கக் கந்தல் வேண்டுமென்று காஜா கழிவுத்துணி மூட்டையில் கைவிட்டாள். விரலில் கனமாக ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட பை. காலருக்கென்று தைத்தது. தூக்கிப் போட்டதைக்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ. பட்டன் அவிழ்க்கப்படவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

உருண்டைகளை எறும்புக்குப் போட்டாள். பையை மட்டும் துவைக்காமல், நெய்க்கறையோடு, தன் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

அதற்குப் பிறகு காலரிடம் முன்னைவிடத் தேனாகப் பேசினாள். தண்ணீர் மொண்டு கொடுத்தாள். காலருக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கி வந்தாள். காலர் வீட்டுப் பண்டிகை எப்போது வரும் என்று காலரின் மாமியாரைவிட அவள்தான் ஆவலாகக் காத்திருந்தாள். அது வந்தது. காலரின் வேலையில் தன் பங்கை ஒரு முனகல் இல்லாமல் தைத்தும் கொடுத்தாள்.

மறுநாள் மேசையில் காகிதம் விரித்தார்கள். இறைச்சியும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி, காலரின் கைப்பக்குவம். எல்லாரும் சுற்றி நின்றார்கள். காலர் தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்க காஜா. ஓரத்துல இருக்கிறது உனக்கு. காரம் கம்மியாப் போட்டேன்."

ஒரு கணம் காஜாவின் கை நின்றது. ஆனால் கத்தி எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. ஓரத்து ரொட்டியை எடுத்தாள். இடுப்பிலிருந்து நீலக் கட்டப் பையை உருவி, ரொட்டியை உள்ளே திணித்து, எல்லாரும் பார்க்க நிதானமாகப் பட்டனைப் போட்டாள். நாலு எட்டு நடந்து கழிவுத்துணி மூட்டையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வீட்ல புள்ளைங்களோட சேர்ந்து சாப்பிடுறேன்" என்றாள்.

பாக்கெட்டுக்கு மெல்லுவதா விழுங்குவதா என்று தெரியவில்லை. காலர் தட்டை மேசையில் வைத்தாள். இதைத் தனியாகப் பேசியிருக்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டாள். வரிசை மொத்தமும் பார்க்கத்தானே பையை வாங்கினாய் என்றாள் காஜா.

அப்புறம்தான் காலர் சொன்னாள். வேறு சாமிக்குப் படைத்ததை அவர்கள் வழக்கத்தில் வாயில் வைக்கக் கூடாதாம். வேண்டாம் என்று சொன்னால் காஜா மனசு நோகும் என்று வாங்கிக்கொண்டாளாம். ஒவ்வொரு வருஷமும் வாசல் காவல்காரர் கையில் கொடுத்துவிடுவாளாம். இந்த வருஷம் அவர் ஊருக்குப் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாமல், தெருவில் எறியவும் மனசு வராமல், துணியோடு துணியாக இருக்கட்டும் என்று மூட்டைக்குள் வைத்துவிட்டாள்.

காஜா நேரே வாசலுக்குப் போனாள். காவல்காரர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். பைகளைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றில் மாத்திரை, ஒன்றில் மூக்குக்கண்ணாடி. "பட்டன் ஒண்ணுகூட இன்னும் தெறிக்கலம்மா" என்றார்.

காஜாவின் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாமே, இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கினாளே என்றுதான் பொருமிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாக்கெட்தான் சும்மா இராமல், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்போ இத்தனை வருஷம் உன் வேலைய அவ சும்மாதான் தச்சுக் குடுத்திருக்கா. நீ மட்டும் ரொட்டி தின்னிருக்க."

இது சுருக்கென்று தைத்தது. யாரைக் கருவறுக்க வேண்டுமென்று இத்தனை நாள் காத்திருந்தாளோ, அவளிடமே பட்ட கடன். அன்றிரவு விஷயத்தைக் கேட்ட புருஷன், போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வா என்றார். காஜா அவரைப் பார்த்த பார்வையில் அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

விடுமுறை நாளில் பருப்பு, நெய், சர்க்கரையோடு காலர் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே கூப்பிடும்வரை நிற்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கட்டிலில் படுத்திருந்த மாமியார் தலையைத் தூக்கி, "யாருடி இது, நம்ம அடுப்புல?" என்று கேட்டார்.

"என்கூட வேலை பாக்குறவங்க, அத்தை" என்றாள் காலர். "சண்டை போட வந்திருக்காங்க."

காஜா பருப்பை வறுத்தாள், இடித்தாள், உருண்டை பிடித்தாள். புதிதாகத் தைத்த பையில் உருண்டைகளைப் போட்டுப் பட்டனை மாட்டிக் காலர் கையில் வைத்தாள்.

"உன் அடுப்பு. உன் சட்டி. எந்தச் சாமிக்கும் காட்டல. இனி என்ன சாக்கு சொல்லுவ? பட்டன அவுத்துத் தின்னு."

காலர் பட்டனை அவிழ்த்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு உருண்டையைக் கடித்து, மென்று, முழுங்கும்வரை காஜா கண் எடுக்கவில்லை. தைத்த கைக்கு இன்றைக்குத்தான் தின்னக் கொடுத்திருக்கிறாள். பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் மாமியார்.

காலர் யோசித்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

"இனிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

காஜா அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போதே முடிவாகிவிட்டது: அடுத்த பண்டிகைக்குப் படைக்கும் முன்பே காலருக்கென்று தனியாக எடுத்துவைத்து, அதில் மட்டும் சர்க்கரையை அள்ளிக் கொட்ட வேண்டும். வெட்டும் மேசை முன்னால் நின்று, வரிசை மொத்தமும் பார்க்க, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் அவள் அதைத் தின்ன வேண்டும்.