ஆதிகேசவன் வீட்டுப் பிரிட்ஜ்

ஆதிகேசவனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை ஆம்பூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. சந்தேகப்பட்டே சோறு தின்கிறவன். ஷூ கம்பெனியில் செக்கர் வேலை. தோலில் ஒரு கீறல், தையலில் நூல் விலகல் இருந்தால் போதும், அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தூக்கிப் போட்டுவிடுவான். சரி, அந்தக் கண்ணைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாமா? அதுதான் கிடையாது!

பக்கத்துப் போர்ஷன்காரன் தன் கரண்ட்டைத் திருடுகிறான் என்று அவனுக்கு ஒரு எண்ணம். காலையில் கிளம்பும்போது, மதியம் சாப்பிட வந்ததும், சாயங்காலம், படுக்கப் போகுமுன் என்று மெயினை அணைத்துவிட்டு, அப்புறமும் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று உற்றுப் பார்ப்பான். ஒருநாளும் மினுக்கியதில்லை. "உஷாராயிட்டான்" என்று முனகிக்கொண்டே திரும்பப் போடுவான்.

அவன் மனைவி தேவகி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறவள். அந்தத் தெருவே அவள் மாவில்தான் இட்லி சுடும். கொஞ்ச நாளாக பிரிட்ஜின் மேல் அறையில் பின்பக்கம் ஐஸ் சுவராக ஏறிக்கொண்டது. கீழே குளிர் இறங்கவில்லை; மாவு பொங்கிப் புளித்தது. வாங்கினவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடை மாவுக்குப் போனார்கள்.

"போன்ல பேசிக்கினே கதவைத் திறந்து போட்டா ஐஸ் கட்டாம இன்னா பண்ணும்?" என்றான் ஆதிகேசவன்.

"நான் சாத்திட்டுத்தான் வர்றேன்" என்று தேவகி எத்தனையோ தடவை சொன்னாள். அவன் நம்பினானா? கம்பெனி ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து, தான் இல்லாதபோது அவள் திறக்கிறாளா என்று வேவு பார்க்க, கதவு இடுக்கில் ஒட்டிவைத்தான். தேவகி அதைப் பார்த்துவிட்டாள். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அணைக்கட்டு ஊரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு கதவைத் திறந்ததும் அவன்தான், அழுத்திச் சாத்தினதும் அவன்தான். ஆனாலும் ஐஸ் ஏறியது, பால் திரிந்தது. அவள்மேல் தப்பில்லையோ? வேறு வழியில்லாமல் மெக்கானிக் இஷ்தியாக் அகமதைக் கூப்பிட்டான்.

இஷ்தியாக் பின்தகட்டைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி ஐஸைக் கரைத்தார். அதைத் தானாக உருக்க வேண்டிய ஹீட்டரை டெஸ்ட் மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு சென்சாரை.

"எல்லாம் நல்லாருக்குண்ணே. எந்தப் பார்ட்டும் மாத்த வேணாம்."

மாற்ற வேண்டாமாம்! மெக்கானிக் வாயில் வருகிற பேச்சா இது? இதில் என்ன தில்லுமுல்லோ என்று யோசித்தபடியே ஆதிகேசவன் வெளியே போனான். சாயங்கால வேளை, கை பழக்கமாக மெயினை அணைத்தது.

"யாருண்ணே கரண்ட்ட கட் பண்ணது?" உள்ளேயிருந்து இஷ்தியாக் கத்தினார்.

"நான்தான் பாய். தெனமும் நாலு தபா பண்றதுதான்."

இஷ்தியாக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் போங்கண்ணே! இதுல இருக்கிற போர்டு, மோட்டார் ஓடுன நேரத்தைக் கூட்டிக்கினே வரும். பத்துப் பன்னெண்டு மணி நேரம் சேர்ந்தாத்தான் ஹீட்டரைப் போட்டு ஐஸை உருக்கும். நீங்க அணைக்கிறப்பல்லாம் கணக்கு மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது. அப்புறம் எப்ப உருக்கும்?"

ஆதிகேசவனுக்கு முகம் செத்துப்போனது. பாய் கிளம்பியதும் தேவகிக்குப் போன் போட்டான்.

"தப்பு எம்மேலதான் தேவகி. மெயினை அணைச்சு அணைச்சு நானே கெடுத்துட்டேன். உன்னைப் போய்ப் பேசிட்டேன் பாரு, என் நாக்கு அழுவிப்போவணும்."

தேவகியின் குரல் இளகி வந்தது. "சாப்பிட்டியா?"

"மெஸ்ஸுல. வாய்க்கு வெளங்கல. நீ இல்லாம வீடு வீடா இல்ல."

"சரி, காலைல மொத பஸ்ஸுக்கே வந்துடறேன். அரிசி மட்டும் ஊற..."

அவள் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் சிரித்தான்.

"யாரு அது பக்கத்துல, ஆம்பள?" என்று கேட்டுவிட்டான் ஆதிகேசவன்.

"டிவி" என்றாள் தேவகி. போனை வைத்துவிட்டாள்.

அவன் திரும்பத் திரும்ப அடித்தான். அவள் எடுக்கவில்லை.