இன்னொருவருடைய இருமல்

சிவகாசியில் ஒரு இங்கிலீஷ் மருந்துக்கடையில் கம்பவுண்டராக இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்வதில்லை. உள்ளதைச் சொன்னால், எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் கோட்டை விட்டுவிட்டு அந்தக் கடைக்குப் பாட்டில் கழுவப் போனவன் நான். அங்கே இருந்த நிஜமான கம்பவுண்டர் விருதுநகரில் சொந்தக் கடை வைக்கப் போனபோது தன் வெள்ளைக் கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனார். முதலாளி அதை எடுத்து என் தோளில் போட்டு, "ஏலே, வேற ஆளு கிடைக்கிற வரைக்கும் நீ பாத்துக்க" என்றார். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரை நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊரில் மழைக்குப் பஞ்சம் உண்டு, இருமலுக்குக் கிடையாது. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்று எங்கும் ஆபீஸ். எல்லா ஆபீஸிலும் தூசி. கடையில் இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகள் இருந்தன. வறட்டு இருமலுக்குச் சிவப்பு மிக்சர், சளி இருமலுக்குப் பழுப்பு மிக்சர். ஜனங்கள் வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவரும் எண்ணெய்ப் பாட்டிலில் அதை ஊற்றி, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பேன். ஒரு பல் ஒரு வேளை. இதில் வைத்தியம் என்று ஒன்று இருந்தால் அது சிவப்பா பழுப்பா என்று முடிவு செய்வது மட்டும்தான். அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

யார் வந்தாலும், "இருமிக் காட்டுங்க" என்பேன். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பேன். பிறகு, "பட்டாசு ஆபீஸ்ல பொடி சலிக்கிற வேலையோ?" என்று மெதுவாகக் கேட்பேன். ஆள் அசந்துபோவார். காதுமடலில் வெள்ளி மாதிரி மின்னும் பொடியைக் கண்ணை மூடுவதற்கு முன்பே பார்த்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியாது. அச்சாபீஸ்காரர்களுக்கு நகக்கண்ணில் மை இருக்கும். ஒருமுறை மையைப் பார்த்து "அச்சாபீஸா?" என்று கேட்டு, அவர் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்தபோது, "நான் சொன்னது அந்தச் சத்தத்தை" என்று சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை. சிவப்பு மிக்சர் வாங்கிக்கொண்டு போனார்.

இருமுகிறவரே கடைக்கு வர வேண்டும் என்பதும் இல்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் டவுனுக்கு வருகிறவர் யாரோ அவர், வீட்டில் இருப்பவரின் இருமலைக் கேட்டு வைத்துக்கொண்டு வந்து, கடையில் இருமிக் காட்டுவார். வெம்பக்கோட்டையிலிருந்து ஒரு பெரிய மீசைக்காரர் தன் மாமியார் இருமலோடு பஸ் ஏறி வந்தார். இடுப்பில் கை வைத்து, முதுகை வளைத்து, அச்சு அசலாக இருமினார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "கடைசில ஒரு விசில் வருதா?" என்றேன். யோசித்துவிட்டு, விசிலோடு இன்னொரு முறை இருமினார். பழுப்பு கொடுத்தேன். மாமியாருக்குக் குணமாகிவிட்டது. முக்கால்வாசி இருமல் பத்துப் பதினைந்து நாளில் தானே போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

திருத்தங்கல்லிலிருந்து ஒரு அக்கா வருவார். முப்பது வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் குச்சி அடுக்கும் வேலை. "வீட்டுக்காரருக்கு இருமலு, கம்பவுண்டரய்யா" என்று சனிக்கிழமை சாயங்காலம் பாட்டிலை வைத்தார். இருமிக் காட்டச் சொன்னேன். அப்படி ஒரு இருமலை அதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஆரம்பித்தால் நிற்காது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமினார். "போதும்க்கா, போதும், புரிஞ்சிருச்சு" என்று நானே நிறுத்த வேண்டியிருந்தது. "நெஞ்சுல ஒண்ணுமில்ல, தொண்டைலதான் இருக்கு" என்று சொல்லிச் சிவப்பை ஊற்றினேன். மறு சனிக்கிழமை வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஆறு வாரம். வாரா வாரம் அவர் மெலிந்துகொண்டே வந்தார். நானோ அவர் இருமிக் காட்டுவது நயமாகிக்கொண்டே வருவதைக் கவனித்தேன். "யக்கா, நீங்க நாடகத்துக்கே போகலாம்" என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்தார். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாவது சனிக்கிழமை, மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் பஞ்சு வாங்க வந்து நின்றிருந்தார். கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். அக்கா இருமி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா இருமலு?"

"வீட்டுக்காரருக்குங்க."

நர்சம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "உனக்குக் காய்ச்சல் கொதிக்கி. அந்த முந்தானைய விரி."

அக்கா முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தார். விரிக்க மாட்டேன் என்றார். நர்சம்மா விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துணியில் காய்ந்த கறை ஒன்று, ஈரக்கறை ஒன்று. இரண்டும் என் மிக்சர் இல்லை, ரத்தம்.

"திங்கக்கிழமை காலைல ஆஸ்பத்திரிக்கு வா. சளி எடுத்துப் பாக்கணும்" என்றார் நர்சம்மா.

"வரமாட்டேங்க. டி.பி.ன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல கட்டையத் தொட விடமாட்டாக. போன வருசம் ஒருத்திய அப்படித்தான் வெளிய அனுப்பிட்டாக." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "எனக்குத் தொண்டைலதான் இருக்கு. கம்பவுண்டரய்யா சொல்லிட்டாக. அவுக சொன்னா தப்பாது."

கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். படித்த நர்சம்மாவைவிட என் பேச்சு உசத்தி என்று ஒருவர் சொல்கிறார். அரை நிமிஷம் எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஆமாம், அப்போதுகூட. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. நான் ஒரு வார்த்தை 'தொண்டைதான்' என்று சொன்னால் இந்த அக்கா ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், செத்துப்போவார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியன்கூட இல்லையே, எனக்கு எத்தனை பேர் கணக்கோ என்று தோன்றியது.

"யக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"என்ன சொல்லுதீக?"

"நான் பாட்டில் கழுவ வந்தவன். இருமலக் கேட்டு நோயச் சொல்லுததெல்லாம் சும்மா. அந்தச் செவப்புல முக்காவாசி சீனிப்பாகு. நர்சம்மா சொல்லுததக் கேளுங்க."

கல்லாவில் இருந்த முதலாளி தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்புக்கு என்ன அர்த்தம் என்று கண்ணை மூடிக் கேட்காமலே புரிந்தது. நான் கோட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

அக்கா மேஜை மேல் இருந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். "அப்ப இம்புட்டு நாளா குடிச்சது?" என்றார். நர்சம்மா அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

முதலாளி இரண்டு நாள் என்னை மறுபடி பாட்டில் கழுவ விட்டார். மூன்றாம் நாள் கோட்டை எடுத்து மாட்டச் சொன்னார். கடைக்கு வருகிறவர்களும் குறையவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அதன் பிறகு யாரையும் இருமிக் காட்டச் சொன்னதில்லை. எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா, உடம்பு மெலிகிறதா என்று கேட்டு, பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று முதலாளி முணுமுணுப்பார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தீபாவளி சீசன் லோடெல்லாம் போய் ஊர் ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம் அக்கா வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஊசியும் மாத்திரையும் முடிந்துவிட்டதாம். நர்சம்மா எப்படியோ பேசி வேலையையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரருக்குத் தலைவலித் தைலம் வேண்டும் என்றார். எடுத்துப் பொட்டலம் கட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அவரே முந்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில பெரிய டாக்டரு வாரா வாரம் கேப்பாரு, கம்பவுண்டரய்யா. ஆறு வாரமா எந்தக் கடையில மருந்து வாங்கிக் குடிச்ச, ஆளச் சொல்லுன்னு கேப்பாரு."

"நீங்க என்னக்கா சொன்னீக?"

"எங்கயும் வாங்கலன்னு சாதிச்சுட்டேன். நர்சம்மாவையும் சொல்லவேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்" என்றார். "சொன்னா உங்களுக்கு வேலை போயிருமில்ல."