யாரையும் பார்க்கப் போகாத பயணம்

என் கணவர் தவேந்திரனோடு அச்சுவேலிச் சந்தைக்குப் போனால், வாங்கிய மீன் வீடு வந்து சேர்வதற்குள் பழுதாகிவிடும். அப்படியொரு கதைகாரர். மரக்கறிக்காரியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்ததா, தபால்காரரின் முழங்கால் நோவு எப்படி என்று எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாத முகம் ஒன்று கண்ணில் பட்டால் இன்னும் மோசம். "தம்பி எந்த ஊர்? ஆரின்ரை மகன்?" என்று தொடங்குவார். ஒரு சித்தப்பா, ஒரு மச்சான், ஒரு சம்பந்தி என்று நூல் பிடித்துக்கொண்டே போய், அந்த ஆள் எங்களுக்குச் சொந்தம் என்று முடித்த பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுப்பார்.

தண்ணீர்ப் பம்பு திருத்துவது அவர் தொழில். வெங்காயத்துக்கு இறைக்கிற காலத்தில் விடியவே போன் அடிக்கத் தொடங்கிவிடும். ஓடுவார். பம்பு திருத்த அரை மணித்தியாலம், தோட்டக்காரரோடு கதைக்க அரை நாள். செத்த வீடென்றால் பந்தல் கட்ட முதல் ஆளாய் நிற்பார். கலியாண வீடென்றால் பந்தியில் சோற்றுச் சட்டியோடு நிற்பார். "தவேந்திரன் அண்ணையைப் போல நல்ல மனிசன் இல்லை" என்று ஊரே சொல்லும். அந்த நல்ல மனிசனைக் கட்டியவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. உதயகலா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருஷம். நாங்களும் பயணம் போகாமல் இல்லை. வவுனியாவில் செத்த வீடு, கொழும்பில் கலியாணம், மன்னாரில் பூப்புனித நீராட்டு விழா. போகிற இடமெல்லாம் யாரோ ஒருவருடைய வீடு. போன வீட்டில் சும்மா இருக்க முடியுமா? வெங்காயமாவது உரிக்க வேண்டும். நான் பார்த்த கொழும்பு என்பது வெள்ளவத்தையில் ஒரு குசினியின் அடுப்படி, அவ்வளவுதான்.

மகன் கோகுலன் பிரான்சுக்குப் போய்க் கன காலம். போன வருஷம் மகள் வினோஜாவும் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இவர் வீட்டுக்கு வருவது இன்னும் பிந்தியது. இருட்டினால்தான் முகம் காட்டுவார். எனக்கு உள்ளுக்குள் சுட்டது. என்னைப் பார்க்க அலுத்துப்போச்சாக்கும் என்று நினைத்தேன். ஆனால் கேட்கவில்லை.

இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று வினோஜா கண்டியில் வாவிக்கு மேலே ஒரு விடுதியில் அறை எடுத்துத் தந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். போனில் தகப்பனிடம் சத்தியமும் வாங்கினாள். "அப்பா, கண்டியிலை ஒருத்தற்றை வீட்டையும் போறேல்லை. விளங்கிச்சோ?"

"ஓம் பிள்ளை, ஓம். சத்தியமாய்ப் போகமாட்டம்."

எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பேராதனைப் பூந்தோட்டத்தில் மரங்களுக்குக் கீழே சோடி சோடியாய்க் குடை பிடித்துக்கொண்டு இருப்பார்களாம். அப்படி இவரோடு இருக்க வேண்டும். ஒருவருக்கும் மாமியாய், மச்சாளாய் இல்லாமல், இவர் மனிசியாய் மட்டும் இருந்து ஆறுதலாய்க் கதைக்க வேண்டும். ஐம்பதை எட்டுகிறவளுக்கு இது தேவையா என்று சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் கண்டி பஸ்ஸில் ஏறும்போது இவருடைய பையைத் தூக்கிப் பார்த்தேன். கை கழன்றுவிட்டது. திறந்தால் ஒரு கட்டு முருங்கைக்காய், ஓலைக் குட்டானில் பனங்கட்டி, வறுத்திடித்த மிளகாய்த்தூள், ஒரு போத்தல் நல்லெண்ணெய்.

"உது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கும் இல்லையப்பா. சும்மா கிடக்கட்டும். தற்செயலாய் ஆரையும் கண்டால் வெறுங்கையோடை நிக்கேலுமே?"

"காணக்கூடாது! அதுக்குத்தானே போறம்!"

பையை வாங்கிக் காலுக்குள் வைத்துக்கொண்டார்.

கண்டி குளிர்ந்தது. வாவியைச் சுற்றி நடந்தோம். நல்ல வடிவு. மரங்களில் கொக்குகள், தண்ணீரில் மலையின் நிழல். இவருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. இவருடைய சிங்களம் பம்புச் சாமான்களின் பெயரோடு முடிந்துவிடும். எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஆசையோடு பார்த்தார். ஒருவரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எனக்கென்றால் உள்ளூரச் சந்தோஷம். இப்படியே நாளை வரைக்கும் போனால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்க ஒரு கடைக்குள் ஏறினோம். காசு மேசையில் இருந்தவர், "வடை சூடா இருக்கு, வைக்கட்டா?" என்றார். தமிழ்! இவர் கதிரையில் இருந்து அரையடி எழும்பிவிட்டார்.

கண்டித் தமிழர்தான் அவர், பெயர் சுரேஸ். அதோடு விட்டிருக்கலாம். "மனிசி எந்த ஊர்?" என்று கேட்டார் என் மனிசன். ஆவரங்கால் என்று பதில் வந்தது. நாசமாய்ப் போச்சு! அச்சுவேலிக்கும் ஆவரங்காலுக்கும் கூப்பிடு தூரம். வடை ஆறுவதற்குள், சுரேஸின் மனிசியுடைய பெரியப்பா என் மாமியாரின் தங்கைக்குச் சம்பந்தி என்று கண்டுபிடித்தாயிற்று.

"அப்ப நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்லதான் சாப்பாடு. வராம போனா அவ என்னைய வீட்டுக்குள்ளயே எடுக்க மாட்டா" என்றார் சுரேஸ்.

"அதுக்கென்ன, வாறம்" என்றார் இவர். என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

றோட்டில் இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிப்போட்டு என்ன வேலை பாக்கிறியள்? நாளைக்குப் பூந்தோட்டம் எண்டெல்லோ சொன்னனான்?"

"ஒரு நேரச் சாப்பாடுதானே கலா. போகாட்டி என்ன நினைப்பினம்? பூந்தோட்டம் எங்கையும் ஓடாது."

"மனிசரும் ஓடாயினம். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. நான் பூந்தோட்டத்துக்குப் போறன்."

"தனியவோ? பாஷையும் தெரியாமலோ?"

"ஓம், தனியத்தான்!"

சும்மா வெருட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். ஞாயிறு காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது குடையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் நடத்துநரிடம் "பேராதெனிய மல்வத்த" என்று, ஊரும் பூந்தோட்டமுமாய், தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லையும் சொன்னேன். அந்தப் பிள்ளை தலையாட்டி, முன் சீற்றைக் காட்டி, இறங்குகிற இடத்தில் கையும் காட்டிவிட்டது. இவ்வளவுதானா விஷயம்? இதற்கா இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தேன்?

தோட்டம் கேள்விப்பட்டதை விடவும் வடிவு. ஒரு மரத்தின் கொப்புகள் எங்கள் கோயில் வீதியளவுக்குப் பரந்து கிடந்தன. வானம் தொடுகிற மரங்களில் வௌவால்கள் தலைகீழாய்த் தொங்கிச் சண்டை பிடித்தன. குடைச் சோடிகளும் இருந்தார்கள். நானும் ஒரு மர வாங்கில் இருந்து குடையை விரித்தேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பக்கத்து இடம் வெறுமையாய்க் கிடந்தது. இவர் இப்போது சுரேஸ் வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு சாப்பிடுவார், சொந்தம் கொண்டாடுவார் என்று நினைத்தேன். அழுதுவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

"கலா! எடி கலா!"

பனைபோல நிமிர்ந்த மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கிற அந்தப் பெரிய பாதையில், கத்திக்கொண்டு என் மனிசன் வருகிறார். குடைகளுக்குள் இருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. வெட்கத்தில் குடைக்குள் முகத்தை ஒளித்தேன். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது. கையில் பை இல்லை.

"சாப்பிட்டாச்சோ?" என்றேன் வெடுக்கென்று.

"இல்லை. சுரேஸ் வீட்டு வாசல் படலையிலை நிண்டு பையைக் குடுத்திட்டு வாறன். என்ரை மனிசி கோவிச்சுக்கொண்டு தனியப் போயிட்டா, நான் அவவிட்டைப் போகவேணும் எண்டு சொன்னனான். சுரேஸின்ரை மனிசி விழுந்து விழுந்து சிரிக்குது. 'அண்ணை, நிக்காதைங்கோ, ஓடுங்கோ' எண்டுது."

இந்த மனிசன் ஒருவருக்கு முடியாது என்று சொன்னதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. அதுவும் எனக்காக. என்றாலும் உடனே இளகிவிடக்கூடாது என்று இருந்தேன்.

"ஏனப்பா, என்னோடை ரெண்டு நாள் தனிய இருக்க உங்களுக்கு என்ன வந்தது? நான் என்ன பேயே, பிசாசே?"

அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பயம் கலா. பிள்ளையளும் போயிட்டினம். பின்னேரம் வந்து உமக்கு முன்னாலை இருந்தால் எனக்கு ஒரு கதையும் வருகுதில்லை. ஊரெல்லாம் கதைக்கிறவனுக்குச் சொந்த மனிசியோடை கதைக்கத் தெரியாது எண்டு நீர் கண்டுபிடிச்சிடுவீர் எண்டு பயம். அதுதான் இருட்டும் மட்டும் றோட்டிலை நிண்டிட்டு வாறனான்."

எனக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் ஒரேயடியாய் இறங்கியது. அலுப்பில்லை, வெறுப்பில்லை, பயமாம்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"விசர் மனிசன்! கதை வராட்டிப் பேசாமல் இருங்கோ. நான் கதைக்கிறன். எனக்கு இருபத்தைஞ்சு வருசக் கதை கிடக்கு. குறுக்கை ஒருத்தரும் விழாமல் நீங்கள் கேக்கவேணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். கிட்ட வாங்கோ, குடை எட்டாது."

வந்தார். நான் தொடங்கினேன். முதலில் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு "மெய்யே?" என்றார். பிறகு அவரும் கதைத்தார், எனக்குத் தெரியாத கதைகள். ஒரு தரம் கண் துடைத்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடைக்காரர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். காவல்காரர் விசில் ஊதி வெளியே போகச் சொல்லும் வரைக்கும் பசி தெரியவில்லை.

தோட்டத்து வாசலைத் தாண்டும்போது வினோஜா போனில் கூப்பிட்டாள். "அம்மா, எப்பிடிப் போச்சு? இவ்வளவு நேரமும் ரெண்டு பேரும் என்ன கதைச்சனீங்கள்?"

நான் வாய் திறக்க முன் இவர் போனை வாங்கினார். கேட்காதவனுக்கும் கூப்பிட்டுக் கதை சொல்லுகிற மனிசன்.

"அது எனக்கும் அம்மாக்கும் உள்ள கதை பிள்ளை. வெளியிலை சொல்லேலாது" என்றார்.